காளிச்சாமி வீட்டுப் பொன்மான்

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கடைக்குள் நுழைகிறவர்களைப் பின்னாலிருந்து பிடித்துத் தள்ளும். அன்று காலை நூஹு ராவுத்தரின் செடிக் கடைக்குள் பாத்துவைத் தள்ளியது காற்றா, அவளுடைய கோபமா என்று சொல்ல முடியாது. வாசலில் அடுக்கியிருந்த ரோஜாப் பதியன்களில் இரண்டைக் கவிழ்த்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"காக்கா! எங்க ஊட்டுக்காரரெக் கள்ளன்னு சொல்லி அடைச்சு வச்சிருக்காங்க!"

அண்ணன் என்ற முறையில் அவள் 'காக்கா' என்று அழைக்கும் நூஹு ராவுத்தர் கையிலிருந்த அல்லிக் கிழங்கை ஈரச் சாக்கின் மேல் வைத்தார். பாலக்காட்டுச் சுற்றுவட்டாரத்தில் பணக்கார வீடுகளுக்குத் தோட்டக் குளம் கட்டிச் செடி நட்டுக் கொடுக்கிறவர் அவர் ஒருவர்தான். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற வேலையை அவராகத் தேடிக்கொண்டதில்லை. அதிகம் பேசாமல் எதையும் கவனிக்கிறவர் என்று பெயர் வாங்கிவிட்டதால் ஊர் அதை அவர் தலையில் கட்டிவிட்டது.

"யாரு, குஞ்சு முகம்மதையா?" என்று கேட்டார்.

"ஆமா. காளிச்சாமிப் பண்ணாடி ஊட்டுல நீங்கதானே கொளம் கட்டிக் குடுத்து, அதப் பாத்துக்க இவரெச் சேத்துவிட்டீங்க? அந்தக் கொளத்து மேடையில வச்சிருந்த பொன்மானைக் காணமாம். இவருதான் எடுத்தாராம். கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில, அத்தன பேரு நடுவுல, 'கள்ளா'ன்னு சொல்லிக் கன்னத்துல அடிச்சுட்டாரு பண்ணாடி. நாளைக்கு விடிஞ்சா சித்தூர்லருந்து போலீசு வருது."

"குஞ்சு முகம்மது என்ன சொல்றான்?"

பாத்து தலையில் அடித்துக்கொண்டாள். "அதுதானே கூத்து! 'பொன்மானைப் பிடிச்சது நீதானா'ன்னு பண்ணாடி கேட்டாரு. 'ஆமா, நாந்தான்'னு இவரு நெஞ்சு நிமுத்திச் சொல்லிட்டாரு!"

கடையின் மூலையில் ஜீப் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்த அலவி விழுந்து விழுந்து சிரித்தான். அலவி, ராவுத்தரின் மனைவியுடைய தம்பி. ஜீப் ஓட்டுவது தொழில். மச்சானைவிடத் தனக்குத்தான் துப்பறியும் மூளை அதிகம் என்பது அவனுடைய நெடுநாள் நம்பிக்கை.

"சிரிக்கிறியா நீ?" என்று பாத்து சீறினாள்.

"கோவிச்சுக்காத அக்கா. மச்சான், புரியுதா? பொன்மான்!"

ராவுத்தருக்குப் புரிந்துவிட்டது. மலையாளத்தில் மீன்கொத்திக்குப் பெயர் பொன்மான். குளத்தில் விட்ட மீன் குஞ்சுகளை ஒரு மீன்கொத்தி நாள் தவறாமல் வந்து கொத்திக்கொண்டு போகிறது என்று குஞ்சு முகம்மது போன வாரம்தான் கடையில் வந்து புலம்பியிருந்தான். பண்ணையார் காளிச்சாமி வீட்டிலோ பொன்மான் என்றால் வேறு. பொன் முலாம் பூசிய, படுத்த நிலையில் இருக்கும் செப்பு மான் அது. அந்த வீட்டு அம்மாள் கமலாத்தாளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து சீராக வந்தது.

"பட்சியைத்தான் சொன்னாருன்னு நீ பண்ணாடிகிட்டச் சொல்லலியா?"

"சொன்னேன் காக்கா, தொண்டை கிழியச் சொன்னேன். அம்மிணியோட அண்ணன் ஒருத்தரு அங்க வந்திருக்காரு, குப்பண்ணன். சித்தூர்க் கோர்ட்டுக் கச்சேரியெல்லாம் நடந்து நடந்து மலையாளம் அவருக்குத் தண்ணி பட்ட பாடாம். 'மலையாளத்துல அப்படி ஒரு பட்சியே இல்ல, இது இப்பக் கட்டுன கதை'ன்னு சொல்லிட்டாரு. பண்ணாடிக்கு மச்சான் சொன்னா வேதம். எங்க ஆளுக யாரு சொன்னாலும், 'நீங்க ஒருத்தருக்கொருத்தர் சாட்சி'ன்னு தொரத்துறாரு."

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "அவரு கள்ளனில்ல காக்கா. அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். கடைவீதிக்குத் தெரியணும். இல்லாட்டி நாங்க அந்த ஊர்ல எப்படித் தலை தூக்கி நடக்கறது?"

ராவுத்தர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "ஜீப்பை எடு அலவி" என்றார்.

காளிச்சாமியின் பண்ணை கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, பனைமரங்களுக்கு நடுவில் இருந்தது. வீட்டுக்கு முன்புறம் தோட்டமும் குளமும். பின்புறம் அகலமான களம். களத்தில் பெண்கள் நிலக்கடலை காயப் போட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்கள். களத்தின் ஓரச் சரிவில் மாடு அவிழ்த்துவிட்ட ஒரு வில்வண்டி நின்றது. அலவியும் ஜீப்பை அங்கேயே கொண்டுபோய் நிறுத்தினான். நிறுத்திய ஜீப் மெல்லப் பின்னால் நகர ஆரம்பித்தது.

"அட இழவே! கல்லு, கல்லு!" என்று இறங்கி ஓடியவன், வில்வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த இரண்டு செங்கல்களில் ஒன்றை உருவிக்கொண்டு வந்து ஜீப்புக்கு வைத்தான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "ச்சை, ஒரே வழுவழுப்பு" என்றான்.

ராவுத்தர் குனிந்து அந்தச் செங்கலைப் பார்த்தார். பிறகு அலவியின் சட்டையைப் பார்த்தார். அதில் பச்சையாக ஒரு கோடு விழுந்திருந்தது.

"அது யாரோட வண்டி?" என்று களத்துப் பெண் ஒருத்தியிடம் கேட்டார்.

"கோயமுத்தூர்ப் பக்கத்துல இருந்து அம்மிணியோட அண்ணன் வந்துருக்காருங்க. அவரு வண்டி."

காளிச்சாமி வாசலுக்கே வந்து கைகூப்பினார். கனத்த உடம்பு, கணீர்க் குரல், கோபம் வந்தால் கை முந்திக்கொள்ளும். மற்ற நேரத்தில் நல்ல மனிதர்.

"வாங்க ராவுத்தரே. ஏனுங்க, நீங்க கட்டிக் குடுத்த கொளத்துல இப்படி ஒரு அக்குறும்பு நடந்து போச்சுங்களே! நம்ம ஆளுன்னு நீங்க சேத்துவிட்டவன், இப்படிப் பண்ணிப்போட்டானுங்க."

"என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க பண்ணாடி. முதல்லேருந்து."

அவர் சொன்னார். நேற்று சாயங்காலம் விருந்தாளிகள் வருவதாக இருந்தது. குளத்தில் முதல் அல்லி பூத்திருப்பதை நாலு பேருக்குக் காட்டவேண்டும் என்று கமலாத்தாளுக்கு ஆசை. காலையிலேயே பொன்மானை எடுத்துத் துடைத்துக் குளக்கரைக் கல்மேடையில் வைத்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து வீடே கண்ணயர்ந்தது. எழுந்து பார்த்தபோது மேடை காலி.

"பொறகு நம்ம கணக்குப்பிள்ளை சூசையப்பன் வந்து சொன்னாருங்க. அவரே சொல்லட்டும்."

சூசையப்பன் ஒல்லியான மனிதர். காளிச்சாமிக்குப் போடிமெட்டுப் பக்கம் இருக்கும் ஏலத் தோட்டத்தில் வேலை பார்த்தவர், இங்கே வந்து அதிக நாளாகவில்லை.

"சாயாக்கடைல நிக்கேன்யா. இந்தக் குஞ்சு முகம்மது அங்கன நாலு பேருகிட்டச் சொல்லிக்கிட்டு இருக்கான். 'பொன்மானைப் பிடிச்சேன், கூடைல அடைச்சேன், புழைக்கு அக்கரைல கொண்டுபோயி விட்டேன்'னு. சத்தியமா என் காதால கேட்டேன்யா. எனக்கு மலையாளம் அவ்வளவா வராது. ஆனா பொன்மான்னா பொன்மான்தான, அதுக்கு வேற என்ன அர்த்தம் இருக்கப் போவுது?"

அலவி மச்சானின் காதோரம் குனிந்தான். "இவந்தான் மச்சான். கேட்டவனே எடுத்தவன். வெளியூரு வேற."

"சும்மா இரு" என்றார் ராவுத்தர்.

அப்போது உள்ளேயிருந்து குப்பண்ணன் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, மிடுக்கான நடை. இந்தக் கதையில் மச்சான்கள் இரண்டு பேர் என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். ஒருவர் அலவிக்கு மச்சான், ஒருவர் காளிச்சாமிக்கு மச்சான். இரண்டு பேருமே மரியாதையாக ஒருவரையொருவர் வணங்கிக்கொண்டார்கள்.

"அவம் பொண்டாட்டி உங்ககிட்டயும் வந்து அந்தப் பட்சிக் கதையச் சொன்னாளாக்கும்?" என்று குப்பண்ணன் சிரித்தார். "இருவது வருசமாச் சித்தூருக்குப் போயிட்டு வாரனுங்க. மலையாளத்துல மீன்கொத்தியெ மீன்கொத்தீன்னுதான் சொல்லுவாங்க. பொன்மான்னு ஒரு பட்சிய நாங் கேட்டதே இல்லீங்க."

அலவி வாயைத் திறந்தான். ராவுத்தர் அவன் காலை மெல்ல மிதித்தார்.

"நீங்க படிச்சவங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்று பணிவாகச் சொன்னார் ராவுத்தர். "குளத்தைக் கொஞ்சம் பாத்துட்டு வரலாமா பண்ணாடி?"

வடக்குப் பக்கத்து வைக்கோல் அறையைத் தாண்டித்தான் குளத்துக்குப் போக வேண்டும். கம்பி ஜன்னலுக்குப் பின்னால் குஞ்சு முகம்மது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. ராவுத்தரைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"பண்ணாடிகிட்ட விவரமாச் சொல்ல வேண்டியதுதானே குஞ்சு முகம்மது?"

"நல்லது செஞ்சேன்னு சந்தோஷமாச் சொன்னேன் காக்கா. அதுக்கு அடி விழுந்துச்சு. கள்ளன்னு சொன்னவங்ககிட்டக் கெஞ்ச எனக்கு மனசில்ல." அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குளத்துப் பக்கம் பார்த்தான். "மீன் மிச்சம் இருக்கான்னு மட்டும் பாருங்க. காலைல தீனி போடல."

அடிபட்ட மனிதன் மீனுக்குத் தீனி போடாததை நினைத்துக் கவலைப்படுகிறான். இவனையா கள்ளன் என்றார்கள்!

குளம் அழகாக இருந்தது. அதைக் கட்டியபோது ஊர் செய்த கேலி கொஞ்சமல்ல. குடிக்கவும் உதவாது, குளிக்கவும் உதவாது, பார்ப்பதற்கென்று ஒரு குளமா என்றார்கள். புதுச் சிமென்ட்டின் காரம் மீனைக் கொல்லும் என்று, தண்ணீர் நிரப்பி வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து இறைத்து, மறுபடி நிரப்பி மறுபடி இறைத்தபோது, ராவுத்தருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுகூடச் சொன்னார்கள். அதன்பிறகுதான் அவர் அகலமான மண் தொட்டிகளில் களிமண்ணும் மக்கிய சாணமும் நிரப்பி, அல்லிக் கிழங்கை நட்டு, மேலே ஆற்று மணலைப் பரப்பி இறக்கினார். இளஞ்செடி ஆழத்தில் மூச்சுத் திணறக் கூடாது என்று ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் இரண்டு செங்கல் வைத்திருந்தார். இப்போது இலைகள் தண்ணீர்மேல் தட்டுத்தட்டாகப் படர்ந்திருந்தன. மேலே ஒரு புங்க மரத்தின் கிளை நீண்டிருந்தது. அதை வெட்டவேண்டும், சருகு விழுந்து தண்ணீர் கெடும் என்று ராவுத்தர் சொல்லியும் கமலாத்தாள் நிழலுக்காக விட்டுவைத்தாள். மீன்கொத்திக்கு அதுதான் உட்காரும் இடம்.

"கொளத்துக்குள்ள தேடுனீங்களா?" என்று ராவுத்தர் கேட்டார்.

"தேடாம இருப்பமா? மூங்கில உட்டு அடியெல்லாம் துழாவிப் பாத்தாச்சுங்க. தொட்டிகள மட்டும் தொடலைங்க. மூணு மாசத்துக்குத் தொட்டிய அசைச்சா வேரு அறுந்துபோகும், செடி போயிரும்னு நீங்கதான் அன்னைக்கு எல்லார்த்து முன்னாலயும் கண்டிசனாச் சொல்லிப்போட்டீங்களே."

"அன்னைக்கு உங்க மச்சானும் இருந்தாரு, இல்லீங்களா?"

"இருந்தாருங்க."

ராவுத்தர் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். காற்று வீசியது. எல்லாத் தொட்டிகளின் இலைகளும் தண்ணீரோடு ஒட்டிக் கிடந்தன, மேடைக்குப் பக்கத்தில் இருந்த தொட்டியைத் தவிர. அதன் இலைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, காற்றில் புரண்டு, செந்நீல அடிப்பக்கத்தைக் காட்டிப் படபடத்தன. தண்டுகள் வளைந்து தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்த்தன.

"உரம் பத்தல மச்சான்" என்றான் அலவி, தெரிந்தவன்போல.

"அப்படியா?" என்றார் ராவுத்தர்.

கமலாத்தாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அழுது சிவந்த கண்கள். "எங்கப்பன் குடுத்த மானுங்க. அது போனதுகூடப் பெருசில்ல. அந்த மனுசனெ இவரு கை நீட்டிட்டாரேன்னுதான் எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. ஒருவேளை அவரு எடுக்கலீன்னா?"

"நேத்து மத்தியானம் சாப்பிட்ட பிறகு யாரு யாரு எங்க இருந்தீங்க அம்மிணி?"

"இவரு திண்டுல சாஞ்சு தூங்கிட்டாரு. நானும் உள்ள படுத்துட்டேன். கணக்குப்பிள்ளை கடைவீதிக்குப் போயிட்டாரு. அண்ணன் மட்டும் தூங்கல. தலைவலின்னு சொல்லிக் கெணத்தடியில போயித் தலைக்கு ஊத்திக்கிட்டாரு. நான் எந்திரிச்சு வந்தப்ப ஈர வேட்டியோட நின்னாரு."

"சாப்பிட்ட கையோடயா?"

"நானும் சத்தம் போட்டனுங்க. சாப்புட்டுப்போட்டு யாராச்சும் தலைக்கு ஊத்துவாங்களா அண்ணான்னு."

ராவுத்தர் மோரைக் குடித்து முடித்து, டம்ளரை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பிறகு அலவியைத் தனியே கூப்பிட்டு அவன் காதில் ஏதோ சொன்னார். அலவியின் முகம் மலர்ந்தது.

வெயில் தாழ்ந்த நேரத்தில் எல்லோரும் குளக்கரையில் கூடினார்கள். காளிச்சாமி, கமலாத்தாள், குப்பண்ணன், சூசையப்பன். ராவுத்தர் சொன்னதற்காகக் குஞ்சு முகம்மதையும் வெளியே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். பாத்து கணவன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"குளத்துக்காரன் குளத்தைப் பத்தித்தான் பேசுவான். பொறுத்துக்கணும்" என்று ராவுத்தர் ஆரம்பித்தார். "ஒரு தோட்டக் குளத்துல..."

அதற்குள் வீட்டுப் பக்கமிருந்து அலவி தலைதெறிக்க ஓடிவந்தான். "பொன்மான் வந்துடுச்சு! பொன்மான்! தோ, பொன்மான் வந்துடுச்சு!"

காளிச்சாமி சட்டென்று அலவியின் கைகளைப் பார்த்தார். கமலாத்தாள் காலியாயிருந்த கல்மேடையைப் பார்த்தாள். சூசையப்பன் வாசல் பக்கம் திரும்பினார். குஞ்சு முகம்மதும் பாத்துவும் தலையைத் தூக்கிப் புங்க மரத்தின் கிளையைப் பார்த்தார்கள். அந்தக் கிளையை நிமிர்ந்து பார்த்தவர் இன்னொருவரும் இருந்தார்.

"கிளையில என்னத்தத் தேடறீங்க குப்பண்ணரே?" என்று ராவுத்தர் கேட்டார்.

குப்பண்ணன் தலையை இறக்கினார். "காக்கா கத்துச்சு."

"எந்தக் காக்காவும் கத்தல. என் மச்சினன்தான் கத்துனான். பொன்மான்னு ஒரு பட்சியக் கேட்டதே இல்லன்னு சொன்னீங்க. கேள்விப்படாத பட்சியைக் கழுத்து ஒடியத் தேடினது எதுக்கு? பொன்மான் வந்துடுச்சுன்னதும் மான் வந்திருக்கும்னு இந்த வீட்டு ஆளுங்க எல்லாரும் நம்பிப் பாத்தாங்க. அந்த நம்பிக்கை உங்களுக்கு மட்டும் வரல. பட்சியோட பேரும் உங்களுக்குத் தெரியும், மான் வராதுங்கிறதும் உங்களுக்குத் தெரியும்."

காளிச்சாமி மச்சானைப் பார்த்தார். இன்னும் நம்பவில்லை. "ராவுத்தரே, வார்த்தையப் பாத்துப் பேசுங்க. ஒருத்தரு மேல பாத்ததுக்கெல்லாம் திருட்டுப் பட்டம் கட்ட முடியுங்களா?"

"ஒரு வார்த்தைக்காக நேத்து ஒருத்தனுக்குக் கட்டினீங்களே பண்ணாடி" என்றார் ராவுத்தர், குரலை உயர்த்தாமல்.

காளிச்சாமிக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"இவரு மேல பாத்தது போதாதுன்னு எனக்கும் தெரியும். அதனால இப்பக் கீழ பாப்போம். எல்லாத் தொட்டியும் ஒரே நாள்ல, ஒரே மாதிரி நான் எறக்குனது. எல்லா இலையும் தண்ணியில படிஞ்சு கிடக்கு. இந்த ஒண்ணு மட்டும் எதுக்கு இப்படித் துள்ளுது? அல்லித் தண்டு தண்ணியோட ஆழத்துக்குத் தக்கபடிதான் நீளும். தொட்டி திடீர்னு ஒசந்தா ஆழம் கொறையும், தண்டு மிச்சமாகும். மிச்சத் தண்டு வளையும், இலை ஒண்ணுமேல ஒண்ணு ஏறும், காத்து அதப் புரட்டும். நான் வச்ச ஒசரத்தைவிட இந்தத் தொட்டி இப்ப ஒசரமா நிக்குது. தொட்டி தானா எந்திரிச்சு நிக்குமா?"

"அப்ப அதுக்கு அடியில..." என்று கமலாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் ரெண்டு செங்கல் வச்சிருந்தேன் அம்மிணி. அந்தச் செங்கல் இப்ப அங்க இருக்காது. ஏன்னா அதுல ஒண்ணு என் மச்சினன் ஜீப்புக்கு முட்டாக் கிடக்கு. இன்னொண்ணு வில்வண்டிச் சக்கரத்துல."

அலவி பெருமையோடு சட்டையை இழுத்துக் காட்டினான். பாசிக் கோடு காய்ந்து ஒட்டியிருந்தது. அவனே ஓடிப்போய், சக்கரங்களுக்கு வேறு கல் வைத்துவிட்டு, இரண்டு செங்கல்களையும் கொண்டுவந்து மேடையில் வைத்தான். ஒன்றின் அடிப்பக்கத்துப் பள்ளத்தில் ஒரு நீர்நத்தை இன்னும் உயிரோடு ஒட்டியிருந்தது. களத்துச் சரிவில் வெயிலில் கிடக்கிற செங்கலுக்கு நீர்நத்தை எங்கிருந்து வரும்?

"செங்கலை எதுக்குங்க வண்டிக்குக் கொண்டுபோகணும்? மானையே கொண்டுபோயிருக்கலாமே?" என்று சூசையப்பன் கேட்டார். நியாயமான கேள்விதான்.

"எப்படிக் கொண்டுபோறது? வண்டி நிக்கிறது களத்துல. களம் பூராப் பொம்பளைங்க கடலை துழாவிக்கிட்டு இருந்தாங்க. மானைத் தூக்கிக்கிட்டு அவங்களைத் தாண்ட முடியாது. அதனால, யாரும் தொடக் கூடாதுன்னு நானே சொல்லிவச்ச தொட்டிக்கு அடியில, செங்கலை உருவிட்டு மானை வச்சு ஒளிச்சாரு. ஊருக்குக் கிளம்புற அன்னைக்குச் சமயம் பாத்து எடுத்துக்கலாம். மிஞ்சின செங்கலைக் கரையில விட்டா நான் வந்து கேப்பேன். செங்கலைத் தூக்கிக்கிட்டுக் களத்தைத் தாண்டுனா யாரு கேக்கப் போறா? வண்டிக்கு முட்டு வைக்கிறாருன்னு நெனப்பாங்க. தண்ணியில எறங்கினவருக்கு வேட்டி நனைஞ்சு போச்சு. அதுக்கு ஒரு காரணம் வேணுமே? சாப்பிட்ட வயித்தோட தலைக்கு ஊத்திக்கிட்டாரு. சாயங்காலம் கணக்குப்பிள்ளை வந்து 'பொன்மான்'னு சொன்னப்ப, பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிடுச்சு இவருக்கு. தெரிஞ்ச வார்த்தையைத் தெரியாதுன்னு சொன்னா போதும், பழி பூரா இன்னொருத்தன் தலையில."

ராவுத்தர் வேட்டியை மடித்துக் கட்டிக் குளத்தில் இறங்கப் போனார். அதற்குள் குஞ்சு முகம்மது இறங்கிவிட்டான். இடுப்பளவுத் தண்ணீரில் போய், வேர் அறுந்துவிடாமல் குழந்தையைத் தூக்குவதுபோல அந்தத் தொட்டியை இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தி வைத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கினான். கலங்கிய தண்ணீரிலிருந்து எழுந்தபோது அவன் கையில் சேறு வழியும் ஒரு சாக்குப் பொட்டலம் இருந்தது. பிரித்தான். முன்னங்கால் மடக்கிப் படுத்த மான், சாய்ந்த வெயிலில் பளபளவென்று மின்னியது.

அலவி கை தட்டினான். களத்துப் பெண்களும் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். "எங்க ஊட்டுக்காரரு கையாலயே வந்துச்சு பாருங்க!" என்று பாத்து கத்தியது பனந்தோப்பு வரை கேட்டிருக்கும்.

குப்பண்ணன் மேடையில் உட்கார்ந்துவிட்டார். மிடுக்கெல்லாம் போயிருந்தது. "அது எங்கப்பன் ஊட்டு மானு. மூத்தவன் நானிருக்க, பொண்ணுக்குச் சீராக் குடுத்துப்போட்டாரு. எம்பட மகளைப் பாக்க வார சம்பந்திககிட்ட, எங்க ஊட்டுல பொன்மான் இருக்குதுன்னு சொல்லிப்போட்டேன். காட்டணுமே..."

"கேட்டிருந்தா எங் கையால எடுத்துக் குடுத்திருப்பனே அண்ணா!" கமலாத்தாள் அழவில்லை, அவள் குரலில் நெருப்பு இருந்தது. "மானு எடுத்ததுகூட ஊட்டு வெவகாரம். பாவப்பட்ட ஒரு மனுசன் அடி வாங்கறதப் பாத்துக்கிட்டு, பட்சியே இல்லீன்னு சொன்னீங்களே, அதுக்கு மன்னிப்பே கெடயாது. நாளைக்குப் போலீசு வரட்டும். இதே வாயால உண்மையச் சொல்லுங்க. அதுவரைக்கும் வண்டி கெளம்பாது."

காளிச்சாமி குஞ்சு முகம்மதின் முன்னால் போய் நின்றார். சேறு சொட்ட நின்றவனின் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்புப் பண்ணிப்போட்டேன். அவசரக் கையி. மன்னிச்சுக்க."

குஞ்சு முகம்மது தரையைப் பார்த்தான். பதில் சொன்னது பாத்து.

"இங்க யாருங்க பண்ணாடி கேட்டா? நீங்க இவரெ அடிச்சது குளத்தங்கரையிலயா? கடைவீதியில அடிச்சீங்க. கடைவீதியில சொல்லுங்க."

அந்த வட்டாரத்தில் காளிச்சாமியிடம் அப்படிப் பேசியவர்கள் யாருமில்லை. கமலாத்தாள் கணவரைப் பார்த்தாள். காளிச்சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

"நடங்க" என்றார்.

ஜீப்பில் போகலாம் என்று அலவி சொன்னதைப் பாத்து ஏற்கவில்லை. எல்லோரும் நடந்தே போனார்கள். முன்னால் காளிச்சாமி, அவருக்குச் சமமாக ஈர வேட்டியோடு குஞ்சு முகம்மது, ஒரு அடி பின்னால் பாத்து. கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் விளக்கேற்றும் நேரம். பெரிய பண்ணாடியும் அவர் நேற்று அடித்த ஆளும் சேர்ந்து வருவதைக் கண்டு துணிக்கடையிலும் பலசரக்குக் கடையிலும் வியாபாரம் நின்றுபோயிற்று. சாயாக்கடைப் பெஞ்சில் இருந்தவர்கள் கிளாசோடு எழுந்து நின்றார்கள்.

"உங்களுக்கு மலையாளம் வராதே பண்ணாடி, நான் எடுத்துச் சொல்லட்டுமா?" என்று அலவி மெதுவாகக் கேட்டான்.

"வேண்டாம்" என்றாள் பாத்து. "அவரு வாயால வரட்டும். நடுவுல ஆள் வச்சுப் பட்டது போதும்."

காளிச்சாமி சாயாக்கடைப் படியில் ஏறி நின்றார். இத்தனை வருஷத்தில் காதில் விழுந்த மலையாளத்தையெல்லாம் தடவித் தடவிப் பொறுக்கினார். "இவன் கள்ளனல்ல" என்றார். கொஞ்சம் நிறுத்தினார். "இவன் பிடிச்சது பட்சி. தெற்று செஞ்சது ஞான்."

தப்பு செய்தது தான்தான் என்று சொன்ன அந்த மலையாளம் தப்புந்தவறுமாகத்தான் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. குஞ்சு முகம்மது முதல் முறையாகத் தலையை நிமிர்த்திக் கடைவீதியை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

பாத்து முன்னால் வந்தாள்.

"பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல பண்ணாடி. இன்னொரு தடவ சொல்லுங்க."

காளிச்சாமி இன்னொரு தடவை சொன்னார். தன் கணீர்க் குரலில், முழுத் தொண்டையில்.